1987 ஜூலை 1-க்கு முன்னும் பின்னும்: மதுரைக் கிளையில் ஒரு பாஸ்போர்ட் வழக்கு

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு பாஸ்போர்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மனுதாரர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த இலங்கைத் தமிழ்ப் பெண். போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த பெற்றோருக்கு 1986 ஏப்ரல் 21 அன்று மண்டபம் முகாமில் பிறந்தவர். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். அகதி முகாமில் இருப்பவர் எப்படி இந்தியர் ஆவார் என்பதுதான் மறுப்பின் சாரம்.

நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைப் புரட்டி 3-வது பிரிவுக்கு வந்தார். 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்குள் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்கிறது அந்தப் பிரிவு. வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை, எதிரி நாட்டவர் கைப்பற்றிய இடத்தில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளை என்று இரண்டே விலக்குகள். பெற்றோர் எந்த நாட்டவர், படகில் வந்தார்களா, விசாவோடு வந்தார்களா என்றெல்லாம் அது கேட்பதே இல்லை. பிறந்த இடம் மண்டபம், பிறந்த ஆண்டு 1986. அவ்வளவுதான். அவர் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவானது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முகாமிலிருந்து ஓட்டுப் போட்ட முதல் ஆள் என்று செய்திகள் வந்தன.

நீதிமன்றம் அவருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை என்பதை முதலில் மனதில் நிறுத்த வேண்டும். பிறந்த கணத்திலிருந்தே அவரிடம் இருந்ததை, முப்பத்தாறு வருஷம் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த முப்பத்தாறு வருஷமும் அவர் பதிவேட்டில் அகதியாக இருந்தார்.

இந்த வழக்கை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் உண்டு. அந்த 3-வது பிரிவுக்குப் பின்னால் இரண்டு உள்நாட்டுப் போர்கள் நிற்கின்றன, ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று இலங்கையில். பிறப்பு ஒன்றே போதும் என்ற எண்ணத்தை முதல் போர் ஓர் அரசமைப்பில் எழுத வைத்தது. இரண்டாவது போரின் நிழலில் நம் நாடு அதே எண்ணத்தைச் சுருக்கிக்கொண்டது. அந்தச் சுருக்கத்தின் விலையை உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் என்று மதுரை மாவட்டத்தின் மூன்று முகாம்களில் இருப்பவர்கள் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் போர் விட்டுச் சென்றது

1857-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்தவர், அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும், அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது என்றது. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்திருந்தாலும் அப்படித்தான். நான்கு ஆண்டுகளில் போர் மூண்டது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டதாகக் கணக்கு.

போர் முடிந்ததும் 1865-ல் அமெரிக்க அரசமைப்பின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் விடுதலை மட்டும் கிடைத்து, நீ யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த விடுதலை எத்தனை நாள் தாங்கும்? தென் மாநிலங்கள் உடனே கறுப்பின மக்களின் நடமாட்டத்தையும் வேலையையும் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் போட்டன. அதற்குப் பதிலடியாக 1868-ல் வந்ததுதான் 14-வது திருத்தம். அந்த நாட்டில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்ட எவரும் குடிமக்கள் என்று அது எழுதி வைத்தது. கூடவே, அந்த எல்லைக்குள் இருக்கும் எந்த மனிதருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்றும் எழுதியது.

எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை. தெற்கில் அடுத்த நூறாண்டு ரயிலிலும் பள்ளியிலும் நிறப் பிரிவினை இருந்தது. ஆனாலும் எழுதி வைத்ததை யாரோ ஒருவர் எடுத்துப் பயன்படுத்தினார். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் சீனாவுக்குப் போய்விட்டு 1895-ல் திரும்பியபோது, நீ அமெரிக்கனே இல்லை என்று துறைமுகத்தில் தடுத்தார்கள். அவருடைய பெற்றோர் அன்றைய சட்டப்படி எத்தனை வருஷம் இருந்தாலும் குடிமக்கள் ஆக முடியாதவர்கள். 1898-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெற்றோர் குடிமக்கள் ஆக முடியாதவர்களாக இருந்தாலும், இங்கே குடியிருந்த அவர்களுக்கு இங்கே பிறந்தவர் இந்த நாட்டவர் என்றது. கொட்டப்பட்டுப் பெண்ணின் வழக்கும் ஏறத்தாழ இதேதான், நடுவில் 124 ஆண்டுகள்.

அது நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழியும் தெளிவாகவே இருக்கிறது. 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபை முன் வைக்கப்பட்ட குடியுரிமை வரைவு, ஒன்றியத்தில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்ட ஒவ்வொருவரும் குடிமக்கள் என்றது. 14-வது திருத்தத்தின் சாயல் அப்படியே தெரிகிறது. பிறப்பால் குடியுரிமை தருவது அளவுக்கு மீறிய தாராளம் என்று எதிர்ப்பு எழுந்தபோது, பரந்த பார்வைதான் நமக்குத் தகும், இதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற வகையில் சர்தார் படேல் வாதாடினார். தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினர் படும் பாட்டைக் கண்டித்துக்கொண்டே இங்கே இனத்தை வைத்துக் குடியுரிமை கொடுக்க முடியுமா என்பது அவர் வாதத்தின் உள்ளே இருந்த கேள்வி. பிறகு சபை விரிவான சட்டத்தை நாடாளுமன்றத்துக்கே விட்டது. 1955 சட்டத்தின் 3-வது பிரிவு அந்தப் பரந்த பார்வையில்தான் பிறந்தது. அரசமைப்பின் 14-வது பிரிவில் உள்ள சட்டத்தின் சமமான பாதுகாப்பும் அமெரிக்கத் திருத்தத்திலிருந்து வந்ததே. எண்கூட ஒன்றாக அமைந்தது தற்செயல்.

இரண்டாவது போர், எதிர்த் திசையில்

இலங்கையில் போருக்கு முன்பே குடியுரிமைதான் ஆயுதமாக இருந்தது. சுதந்திரம் வந்த 1948-லேயே போட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி அங்கே போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் இவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் ராமேசுவரத்துக்கு வரத் தொடங்கின. 1983-க்கும் 2012-க்கும் இடையில் 3,04,269 பேர் வந்ததாக மத்திய உள்துறையின் கணக்கு. 1990, 1995, 2006 என்று சமாதானம் முறிந்து போர் திரும்பிய ஒவ்வொரு முறையும் இந்தக் கரையில் அது தெரிந்தது. இடைக்காலங்களில் கணிசமானவர்கள் திரும்பிப் போனார்கள். தங்கியவர்கள் மண்டபத்தில் பதிவாகி, தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

தமிழ்நாட்டு மேடைகளில் அன்றைக்கு எழுந்த குரல் உண்மையானது. தொப்புள்கொடி உறவு என்று சொன்னவர்கள் வீட்டு அரிசியையும் துணியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் அதே ஆண்டுகளில் டெல்லியில் வேறொன்று நடந்தது. அசாமில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றிய அசாம் ஒப்பந்தத்தை அடுத்து 1986-ல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பங்களாதேசத்தோடு இலங்கையிலிருந்து வருகிறவர்களையும் காரணமாகக் காட்டித்தான் அந்தத் திருத்தம் வந்தது. 1987 ஜூலை 1 முதல், இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும் என்றானது. 2003-ல் கொண்டுவந்த திருத்தம் இன்னும் இறுக்கியது: 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அதே 2003-ல், போர்நிறுத்தம் நிலவிய இலங்கையில், 1964 முதல் அங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தரும் சட்டம் நிறைவேறியது. நாடற்றவர்களாக்கிய நாடே, போரின் நடுவில், தன் பழைய பாவத்தில் ஒரு பகுதியைக் கழுவியது. அந்த வருஷம்தான் நாம் கதவை ஒருக்களித்துவிட்டோம்.

ஒரே முகாம், இரண்டு தேதிகள்

சட்டம் முகாமுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 1985-ல் வந்தவர்கள். மூத்த பெண் 1986-ல் முகாமில் பிறந்தாள். தம்பி 1988-ல் அதே முகாமில், அதே தார்ஷீட் கூரைக்குக் கீழே பிறந்தான். அக்கா பிறப்பாலேயே இந்தியர், தம்பி இலங்கை அகதி. இருவரும் ஒரே பள்ளியில் ஒரே தமிழ்ப் புத்தகத்தைப் படித்தவர்கள். இருவரும் இலங்கையைப் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி, முகாமிலேயே இருக்கும் ஒருவரோடு குடும்பம் நடத்துகிறாள். முதல் பிள்ளை 2004 ஜூனில் பிறந்திருந்தால், தாய் இந்தியர் என்பதால் பிள்ளையும் இந்தியர். இரண்டாவது பிள்ளை 2006-ல் பிறந்திருந்தால் சிக்கல். தந்தை பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர், ஆகவே சட்டவிரோதக் குடியேறி என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டால், தாய் இந்தியராக இருந்தும் பிள்ளை இந்தியர் இல்லை. 2022 தீர்ப்பு போன்ற ஒன்று கீழ்நோக்கி எத்தனை உயிர்களைத் தொடுகிறது, எங்கே போய் நின்றுவிடுகிறது என்பது இப்படிக் குடும்ப அட்டையை விரித்துப் பார்த்தால்தான் புரியும்.

2003 திருத்தம் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்வது, செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த அல்லது அனுமதிக் காலம் கடந்தும் தங்கிய வெளிநாட்டவரை. 1988-ல் உச்சப்பட்டியிலோ ஆனையூரிலோ பிறந்த பையன் எங்கிருந்து நுழைந்தான்? அவன் எந்த எல்லையையும் கடக்கவில்லையே. முகாமில் பிறந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று நடத்துவது சட்டத்தின் சொந்த வாசகத்துக்கே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அப்படி நடத்தாவிட்டால், நீண்ட காலம் வசித்ததை வைத்து இயல்புரிமைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி அவர்களுக்குத் திறக்கும்.

சமத்துவம் உண்டு, சுதந்திரம் இல்லை

நம் அரசமைப்பின் 14-வது பிரிவும் 21-வது பிரிவும் இந்த மண்ணில் இருக்கும் எல்லோருக்கும் உரியவை. 1996-ல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், வெளியேறச் சொல்லி மிரட்டப்பட்டவர்களின் உயிரைக் காப்பது மாநில அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 19-வது பிரிவு அப்படி இல்லை. பேச, கூட, நாடு முழுக்கப் போய்வர, விரும்பிய ஊரில் குடியிருக்க, விரும்பிய தொழில் செய்ய உள்ள உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும். 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா தர்மசத்திரம் அல்ல, இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே என்று சொன்னது இந்த 19-வது பிரிவை வைத்துத்தான். அவர் குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் என்பதால் வழக்கு வேறு. ஆனால் அந்தக் கோடு முகாமில் இருக்கும் ஒவ்வொருவர் மேலும் விழுகிறது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு வருகைப் பதிவு நாளைப் பார்த்தால் போதும். வருவாய் ஆய்வாளர், முகாம்காரர்கள் சொல்வதில் ஆர்.ஐ., வருகிறார் என்றால் குடும்பத்தில் எல்லோரும் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். மதுரை டவுனிலோ விருதுநகரிலோ பெயிண்ட் வேலை பிடித்துத் தங்கியிருக்கிறவர் அன்றைக்குச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்பார். முகாம்களில் பெயிண்ட் அடிக்கும் வேலைதான் ஆண்களுக்கு அதிகம், கையில் சுண்ணாம்பும் பெயிண்டும் காயாமலேயே வந்து நிற்கிறவர்களும் உண்டு. ஆள் இல்லையென்றால் அந்த ஆளுக்கான பணக்கொடை நின்றுபோகும், பெயர் அடிபடும், காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு விசாரிக்கும். 2016 மார்ச்சில் திருமங்கலம் அருகே உச்சப்பட்டி முகாமில், மகன் பதிவின்போது இல்லை என்பதையொட்டி வருவாய் ஆய்வாளரோடு ஏற்பட்ட வாக்குவாதத்துக்குப் பின் ஒரு தந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டார். போர்க்களத்திலிருந்து பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த தலைமுறை அது.

மாநில அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 புது வீடுகள் கட்டுவது அதன் பெரும்பகுதி. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. தார்ஷீட் போய்க் கான்கிரீட் வந்தது சின்ன விஷயம் இல்லை, மழைக்காலத்தில் அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் இவை எல்லாம் அரசு மனமுவந்து தருவது. அடுத்த அரசு நிறுத்தினால் கேட்க வழியில்லை. ஓட்டு இல்லாதவரிடம் எந்த வேட்பாளரும் பதில் சொல்லி ஆக வேண்டியதில்லை.

14-வது திருத்தத்தை எழுதியவர்கள் புரிந்துகொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். விடுதலையான மக்களுக்கு நிவாரணமும் பள்ளியும் கொடுத்துப் பார்த்தார்கள். குடியுரிமை இல்லாத சமத்துவம் கொடுப்பவரின் நல்ல மனதை நம்பி நிற்கும் என்று தெரிந்ததும் பிறப்பையே ஆதாரமாக்கினார்கள். சமத்துவத்தையும் சுதந்திரத்தையும் தனித்தனியாகக் கொடுக்க முடியாது. முகாமில் நாம் நாற்பது வருஷமாக அதைத்தான் முயன்றுகொண்டிருக்கிறோம்.

மதுரைக் கிளையின் மற்ற இரண்டு வழக்குகள்

மண்டபமும் கொட்டப்பட்டும் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் இந்தக் கேள்விகள் ஒத்தக்கடை அருகே யானைமலைக்கு எதிரில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்கே வந்து சேர்கின்றன. 2019 ஜூனில் முகாம்களைச் சேர்ந்த 65 மலையக வம்சாவளியினர் குடியுரிமை கேட்டு வந்தார்கள். கண்காணிப்பிலும் கடும் கட்டுப்பாட்டிலும் இத்தனை காலம் வைத்திருப்பது 21-வது பிரிவுக்கு விரோதம் என்று அதே நீதிபதி சுவாமிநாதன் சொல்லி, ஆட்சியர் வழியாக விண்ணப்பித்தால் 16 வாரங்களில் மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்றார். 2022 அக்டோபரில் இன்னொரு வழக்கு: 1993-ல் இங்கே பிறந்த பெண். தேதி தாண்டிவிட்டதால் 3-வது பிரிவு அவருக்கு உதவாது. பாகிஸ்தான், பங்களாதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2019 திருத்தம் காட்டும் நியாயம் இலங்கையிலிருந்து வந்த இந்துத் தமிழருக்கும் பொருந்தும் என்று நீதிபதி கருத்துச் சொன்னார், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னார்.

கருணை மிகுந்த உத்தரவுகள். ஆனால் இவை இரண்டும் பரிசீலிக்கச் சொல்வதோடு நிற்கின்றன. 1986-ல் பிறந்தவருக்கு உரிமையை அடையாளம் காட்ட முடிந்த நீதிமன்றம், 1993-ல் பிறந்தவருக்குப் பரிந்துரை மட்டுமே செய்ய முடிகிறது. சட்டத்தின் கை அவ்வளவுதான் நீள்கிறது. மதத்தை அடிப்படையாக்கி இலங்கைத் தமிழரைச் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முகாமில் கிறித்தவர்களும் இருக்கிறார்கள், படகில் வந்தபோது யாரும் மதம் பார்த்து ஏறவில்லை.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தோடு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சிறைக்குப் போக வேண்டியதில்லை என்பது நிம்மதி. குடியுரிமைக்கு அது வழிவிடவில்லை. ஆனால் அரசு தானே ஒரு தேதியை வகுத்து, இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறது. அப்படியானால் அதே பட்டியலை வைத்து, சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்தும் இவர்களை விலக்க வேண்டும். 2019-ல் மூன்று நாடுகளுக்கு அதைத்தான் செய்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய வரி அது.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ பிறந்தவர்களுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். பலரிடம் பிறப்புச் சான்று இருக்காது. அன்றைய அவசரத்தில் பதியாமல் விட்டிருப்பார்கள், அல்லது பெயர் இல்லாமல் பதிந்திருப்பார்கள். ஊராட்சி அல்லது நகராட்சிப் பதிவேடு, மருத்துவமனைப் பேறுகாலப் பதிவு, முகாமின் பழைய குடும்பப் பதிவு, முதல் வகுப்பில் சேர்ந்த பள்ளிச் சேர்க்கைப் பதிவு இவற்றில் எது கிடைத்தாலும் நகல் எடுத்து வைக்க வேண்டும். பதிவே இல்லை என்றால் கோட்டாட்சியரிடம் விண்ணப்பித்துத் தாமதப் பதிவு செய்ய வழி உண்டு. மதுரையில் வழக்கறிஞர்களுக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் குறைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று முகாம்களுக்கும் போய், 1983-க்கும் 1987-க்கும் இடையில் பிறந்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் எந்தத் தாள் குறைகிறது என்று எழுதத் தொடங்கலாம். அவர்களின் பிள்ளைகளில் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர்களையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.